நீர்முகத்து மணவறை

தமிழர் திருமணத்தில் தீயைவிட நீருக்கு மூப்பு அதிகம். அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் காட்டும் மணவிழாவில் எரி வளர்க்கும் செய்தி இல்லை. உழுந்து சேர்த்துச் சமைத்த பொங்கல் உண்டு. பந்தலின்கீழ்ப் பரப்பிய புதுமணல் உண்டு. விளக்கும் மாலையும் உண்டு. திங்களும் உரோகிணியும் கூடிய நல்விடியலில், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரை மணமகளின் தலைமேல் சொரிந்து வாழ்த்துகின்றனர். அவ்வளவே மணவினை. தீவலம் வரும் காட்சி சிலப்பதிகாரத்தில் தோன்றுகிறது. அத்திருமணம் நிகழும் ஊரோ கடலை முகமாகக் கொண்ட புகார். மணமகள் கடல் வாணிகன் ஒருவனின் மகள். மகளிரை யானைமேல் ஏற்றி ஊர் முழுவதும் மண அழைப்பு விடுத்ததும், நீலப்பட்டு மேற்கட்டியின்கீழ் முத்துப்பந்தல் அமைத்ததும், விளக்கும் முளைப்பாலிகையும் ஏந்திய மகளிர் சூழ நின்றதும் இளங்கோவடிகளின் காப்பியத்தில் விரிவாக இடம்பெறுகின்றன. துறைமுகப் பட்டினத்தில் மணவிழாவைத் திட்டமிடுவது தமிழருக்குப் புதிய செய்தி அன்று.

ஆகவே, இக்காலத் தமிழ் இளையர் நீரோரத்துப் பழங்கட்டடங்களில் மணம்புரிய விழைவதை வெறும் புதுமோகம் என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. பினாங்கில் 1885இல் தொடங்கப்பெற்ற ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஓட்டலின் கடற்புறத்தைச் சிலர் நாடுகின்றனர். சிங்கையில் ஆற்றின் வாய்ப்புறத்து மண்டபங்களைப் பலர் நாடுகின்றனர். இவ்விழைவில் குறையொன்று உண்டு. மண்டபத்தின் அழகைப் பார்த்து நாள் பேசும் குடும்பத்தார், அம்மண்டபம் யாதாக இருந்தது என்பதைக் கேட்பதில்லை. கேட்போருக்குச் சொல்லப்படுவதும் பல வேளைகளில் வரலாறாக இருப்பதில்லை. இதனை விளங்கிக்கொள்ளச் சிங்கப்பூரின் கிளிஃபர்ட் துறை ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

காலியர் கீ என்னும் கரையோரச் சாலையில், நீரின்மேல் நீண்டு நிற்கும் அக்கட்டடம் 1933ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் ஆளுநர் சர் செசில் கிளமெண்டியால் திறந்துவைக்கப்பெற்றது. 1927 முதல் 1929 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த சர் ஹியூ கிளிஃபர்டின் பெயர் அதற்கு இடப்பட்டது. அதற்கு முன்னர், 1850களில் எழுந்த ஜான்ஸ்டன் துறையே மக்களின் இறங்குதுறையாக விளங்கியது. சிங்கையின் தொடக்ககால வணிகரான அலெக்சாண்டர் லாரி ஜான்ஸ்டனின் நினைவாக அமைந்தது அப்பெயர். அதனை மாற்றுவதற்கு வணிகரிடையே எதிர்ப்பு எழுந்தது. ஆனால், பொதுமக்கள் இந்த இரு பெயர்களைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்பட்டவர்களாகத் தெரியவில்லை. பழைய துறையின் முனையில், கலங்களுக்கு வழிகாட்டத் தொங்கவிடப்பட்ட சிவப்பு விளக்கினை வைத்துச் சீனர் அதனைச் 'சிவப்பு விளக்குத் துறை' என்றனர். புதிய துறைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆளுநர் பெயர் ஏட்டிலும் விளக்கின் பெயர் நாவிலும் நின்றன.

கட்டடத்தை வரைந்தவர் பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடக் கலைஞர் பிராங்க் டொரிங்டன் வார்டு. பின்னாளில் காலாங் விமான நிலையத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் வரைந்தவரும் அவரே. கிளிஃபர்ட் துறையின் சிறப்பு அதன் கூரை. வில்லென வளைந்த காரைச் சட்டங்கள் கூரையைத் தாங்குவதால் நடுக்கூடத்தில் தூண் ஒன்றும் இல்லை. பெட்டியும் படுக்கையும் சுமந்த பயணியர் கூட்டம் தடையின்றி நடமாடுதற்கு ஏற்ற அவ்வமைப்பே, இன்று நூற்றுக்கணக்கான விருந்தினர் மணமேடையை மறைப்பின்றிக் காணுதற்கும் ஏற்றதாயிற்று.

நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சம்பானிலும் விசைப்படகிலும் வந்தோர் இங்கே கரையேறினர். தென்தீவுகளுக்குச் செல்வோரும், சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் கூசு தீவுக்கு வழிபாட்டுக்குச் செல்வோரும் இங்கிருந்தே படகேறினர். 2006ஆம் ஆண்டில் படகுப் போக்குவரத்து மரினா சவுத் பியருக்கு மாற்றப்பட்டதும் துறையின் பணி முடிந்தது. 2008இல் அங்கே உணவகம் வந்தது; 2010இல் பக்கத்தில் எழுந்த ஃபுல்லர்ட்டன் பே ஓட்டலோடு அது இணைந்தது. அன்று முதல் விருந்துகளும் திருமணங்களும் அங்கு நடைபெற்று வருகின்றன. ஏழைப் பயணியர் மிதித்த தளம் செல்வர் விருந்துண்ணும் தளமாயிற்றே என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், பயனற்றுப் பூட்டிக் கிடக்கும் பழங்கட்டடத்துக்கு நேரும் கதியை எண்ணிப் பார்த்தால், மாலையும் மேளமும் நுழையும் கூடம் பேறு பெற்றதே எனல் வேண்டும்.

இனி, தமிழருக்கு உரிய பகுதிக்கு வருவோம். இம்மண்டபத்தில் மணம்புரியும் தமிழ்க் குடும்பங்கள் அழைப்பிதழில் எழுத விரும்பும் வாசகம் ஒன்று உண்டு: முன்னோர் வந்திறங்கிய துறையிலேயே பேரப்பிள்ளைகள் மாலை மாற்றுகின்றனர் என்பது. உள்ளத்தைத் தொடும் கருத்துத்தான். ஆனால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அது உண்மையன்று. மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் பெருவெள்ளம் முதலில் தொட்ட கரை பினாங்கு. 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய 'ரஜுலா' கப்பலும் பினாங்கைத் தொட்ட பின்னரே சிங்கை வந்தது. பெருங்கப்பல்கள் அணைய, 1860களிலேயே தஞ்சோங் பகாரில் கப்பற்றுறை அமைந்துவிட்டது. நோய்த்தடுப்புக்காகச் செயிண்ட் ஜான்ஸ் தீவில் நிறுத்திவைக்கப்பட்ட பின்பு நகருக்குள் வந்தோரும் உண்டு. பாட்டனார் எந்த ஆண்டில், எந்தக் கப்பலில் வந்தார் என்பதை விசாரித்து அறியாமல் அவரைக் கிளிஃபர்ட் துறையில் இறக்கிவிடுதல், அவருடைய வரலாற்றை மண்டபத்தின் விளம்பரத்துக்குக் கடன் கொடுப்பதாகும். 1933க்கு முன் வந்தவராயின், அத்துறையே அப்பொழுது இல்லை.

பொய்யுறவு தேவையில்லை, மெய்யுறவு அக்கரையில் நிறையவே உண்டு.

முதலாவது, கரையே. மணமக்களை ஏற்றிவரும் கார் நிற்கும் காலியர் கீ, கடலைத் தூர்த்து மதில் எழுப்பி உண்டாக்கப்பட்டது. பொறியாளர் ஜார்ஜ் சான்சலர் காலியரின் திட்டப்படி 1864இல் அது நிறைவேறியது. கல்லும் மண்ணும் சுமந்தவர் கைதிகள். அக்காலச் சிங்கையில் கைதிகள் என்றால் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து தீவாந்தரத் தண்டனை பெற்று வந்தவர்களே. 1825 முதல் 1873 வரை நிலவிய அம்முறையில், வங்கம், பம்பாய் மாநிலத்தவரோடு சென்னை மாநிலத்தவரும் இருந்தனர். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சர்க்கரையும் கலந்து சென்னைச் சாந்து பூசிய கைகளும் அவர்களுடையவையே. நன்னடத்தையால் உரிமைச் சீட்டுப் பெற்றுக் குடும்பம் அமைத்து இங்கேயே தங்கியவர் பலர். அவர்களின் வழிவந்தோர் அச்செய்தியைச் சொல்லிக்கொள்ள நாணுவர்; நாண வேண்டுவதில்லை.

இரண்டாவது, படகு. ஆற்றுக்கும் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் இடையே சரக்கேற்றிய தொங்காங்குகளைத் தொடக்ககாலத்தில் பெரிதும் செலுத்தியவர் சோழமண்டலக் கரையினரான சூலியர். 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் சூலியா கம்பம் தனிப்பகுதியாகவே குறிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தொழில் சீனர் கைக்கு மாறிற்று. 1983இல் சரக்குப் படகுகள் யாவும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன.

மூன்றாவது, எழுத்து. கிளிஃபர்ட் துறையிலிருந்து கவெனா பாலத்தைக் கடந்து சற்றே நடந்தால் எம்பிரஸ் பிளேசில் ஒரு கூர்நுனித் தூண் நிற்கிறது. இந்தியத் தலைமை ஆளுநர் டல்ஹௌசிப் பிரபு 1850 பிப்ரவரியில் சிங்கைக்கு வந்ததன் நினைவாக, அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சனின் வரைபடப்படி எழுப்பப்பட்டது. முதலில் இறங்குதுறையை ஒட்டி நின்ற அத்தூண் பின்னர் இடம் மாறியது. ஆங்கிலம், சீனம், ஜாவி, தமிழ் என நான்கு எழுத்துகளில் அதன் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. ஆட்சிமொழி என்னும் தகுதி தமிழுக்குச் சட்டத்தால் வருவதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பாகவே, துறையில் கால்வைப்போர் படிக்கத் தமிழ் எழுத்து நின்றது. மணமக்கள் படம் எடுத்துக்கொள்ள வானளாவிய கட்டடங்களைத் தேடுகின்றனர். அந்தத் தூணின் தமிழ்ப்பக்கம் பெரும்பாலும் ஆளின்றி இருக்கிறது.

நான்காவது, அஞ்சல். இதுவே திருமணத்தோடு மிக நெருங்கியது. துறைக்கு அண்மையில் உள்ள ஃபுல்லர்ட்டன் கட்டடத்தை 1928 ஜூன் 27ஆம் நாள் திறந்துவைத்தவர் அதே சர் ஹியூ கிளிஃபர்ட். கீஸ் அண்ட் டௌட்ஸ்வெல் நிறுவனம் வரைந்த அக்கட்டடத்தில் 1996 வரை தலைமை அஞ்சலகம் இயங்கியது. ஏறத்தாழ 300 அடி நீளமான முகப்பு மேசை அதன் பெருமைகளுள் ஒன்று. அஞ்சல் மூட்டைகள் சாலைக்கு அடியில் அமைந்த சுரங்கப்பாதை வழியே நீர்க்கரைக்குக் கொண்டு செல்லப்பட்டுப் படகேறின. சிங்கையில் உழைத்த தமிழன் ஊரில் பெண் பார்க்கச் சொல்லி எழுதிய கடிதமும், ஜாதகக் குறிப்பும், தங்கையின் திருமணத்துக்கென அனுப்பிய மணியார்டரும், மஞ்சள் தடவிய பத்திரிகையும் சென்று வந்த வழி அது. மணமகனே நேரில் போக விடுப்பும் பொருளும் இல்லாத காலத்தில், நாள் குறித்தல் முதல் சீர்வரிசை வரை யாவும் கடிதத்தால் முடிந்தன. ஒரு கடிதத்துக்கு மறுமொழி வர வாரக்கணக்கில் காத்திருந்தனர். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அவ்வழி அடைபட்டபோது, பேசி முடித்த மணங்கள் என்ன ஆயின என்று எண்ணிப்பார்க்கவே துன்பமாக உள்ளது. முன்னோர் இத்துறையில் இறங்கினர் என்று எழுதுவதைவிட, முன்னோர் திருமணம் இக்கரையின் அஞ்சலில் பேசப்பெற்றது என்று எழுதுவது பல குடும்பங்களுக்கு உண்மையாகவும் பொருத்தமாகவும் அமையும். பெட்டியின் அடியில் அக்கடிதங்கள் இன்னும் இருக்குமாயின், வரவேற்பு மேசையில் வைத்தற்கு அவற்றினும் சிறந்த பொருள் வேறில்லை.

வரலாறு இவ்வாறிருக்க, மணநாளைத் திட்டமிடுவோர் எதிர்கொள்ளும் நடைமுறைகளும் அவ்வரலாற்றிலிருந்தே பிறக்கின்றன. துறை கிழக்குப் பக்கமாக நீரை நோக்கியது. மணமக்களைக் கிழக்கு முகமாக அமர்த்துதல் மரபு. அவ்வாறு அமர்த்தினால் மணமக்கள் நீரையும் காலைக் கதிரையும் நேர்கொள்வர். விருந்தினருக்கோ நீர் முதுகுப்புறமாகிவிடும். காட்சிக்காக மேடையைத் திருப்புவதா, மரபுக்காகக் காட்சியை விடுவதா என்னும் பேச்சு எழும். மரபின்படி அமர்த்துவதே நன்று. விருந்தினர் வந்தது மணமக்களைக் காண.

பருவமும் கருதத்தக்கது. தை மாத முகூர்த்தங்களின் முற்பகுதி வடகிழக்குப் பருவமழையில் விழும். வைகாசியும் ஆவணியும் வறண்டவை என எண்ணிவிடலாகாது. ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ராவிலிருந்து கிளம்பும் சூறைக்காற்று விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் சிங்கையைத் தாக்குவதுண்டு. முகூர்த்த நேரமும் அதுவே. ஆகவே திறந்த முகப்பில் தாலிகட்டு என்று முடிவு செய்வோர், கூரையின்கீழ் மாற்றிடம் ஒன்றையும் அன்றே பேசி வைத்தல் வேண்டும்.

வாழை கட்டுதலும் தோரணம் தொங்கவிடுதலும் தமிழ் மணத்தின் அடையாளங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் ஆணி அறைதலும் தூணில் கயிறு இறுக்குதலும் ஆகா. வாழையைத் தனித்த இரும்புத் தாங்கிகளில் நிறுத்தலாம். மாவிலையை மணவறையின் சட்டத்திலேயே கட்டிவிடலாம். மேலே வளைந்து செல்லும் கூரைச் சட்டங்களைத் துணியால் போர்த்தி மறைக்கும் வழக்கம் வருந்தத்தக்கது. எந்தக் கட்டடத்தின் பொருட்டு மிகுபணம் கொடுக்கப்பட்டதோ, அக்கட்டடமே கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. மேளத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். திறந்தவெளிக் கோயிலுக்கு உரிய தவிலும் நாகசுரமும் காரைக் கூரையின்கீழ் எதிரொலித்து மந்திரத்தையும் வாழ்த்தையும் விழுங்கிவிடக்கூடும். கலைஞரை முன்னாளிலேயே அழைத்து வந்து இடத்தைக் காட்டிவிட்டால் அவரே அதற்கேற்ப வாசிப்பார்.

ஓமத்தீ வளர்ப்பதற்கு மண்டபத்தாரின் ஒப்புதலை எழுத்தில் பெறுதல் நலம். புகையுணர் கருவிகள் மந்திரம் அறியா. குண்டத்தைச் சிறிதாக்குதலும், காற்றோட்டமுள்ள பக்கத்தில் வைத்தலும் செய்யலாம். ஒப்புதல் கிடையாவிடின் மனம் உடைய வேண்டுவதில்லை. நல்லாவூர் கிழார் காட்டும் நீர்ச்சொரிவு அகநானூற்றில் இருக்கிறது. அதற்குச் செம்பும் பூவும் நெல்லும் மக்கட்பேறு பெற்ற மகளிர் நால்வரும் போதும்.

சட்டத்தின் நிலை வேறு. முற்காலச் சிங்கையில் இந்துத் திருமணங்களை நடத்தும் உரிமையும் பதிவும் சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலிடம் இருந்தன. 1819இல் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் தோற்றுவித்த கோயில் அது. தமிழரின் மணவிடம் என்றால் கோயில் என்பதே அன்றைய நிலை. 1961 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த மாதர் சாசனம், முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறியையும் பதிவையும் கட்டாயமாக்கியது. அதன்பின் தாலி கட்டுதல் சமயச் சடங்காகவும், பதிவு சட்டப்படியான மணமாகவும் பிரிந்தன. பதிவுக்குக் குறைந்தது 21 நாளுக்கு முன் அறிவிப்புக் கொடுத்து, உரிமம் பெற்ற அலுவலரும் சாட்சியர் இருவரும் இருந்தால், மணமக்கள் தேர்ந்த இடத்திலேயே அதனை நிறைவேற்றலாம். நீர்க்கரை மண்டபத்தில் மணம் என்பதற்குச் சட்டம் வழிவிட்டது இவ்வாறே. எனினும், கோயிலில் அதிகாலை தாலி கட்டி, மாலையில் துறை மண்டபத்தில் வரவேற்பு வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இரண்டு நெருக்கடிகளினின்றும் தப்புகின்றன: தீயும் இல்லை, காலைச் சூறையும் இல்லை.

எஞ்சியிருப்பது நீர். மண்டபத்துக்கு முன் விரிவது கடல் என்று விருந்தினர் பேசிக்கொள்வர். அது கடலன்று. கரைக்கு அப்பால் கப்பல்கள் நங்கூரமிட்ட வெளி, நிலமீட்புப் பணிகளால் விரிகுடாவாகச் சுருங்கியது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபின் உப்பு நீங்கி நன்னீர்த் தேக்கமாயிற்று. சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கின் மழைநீர் அதில் வந்து சேர்கிறது. நகர மக்கள் பருகும் நீர் அது. புகார்த் திருமணத்தில் மகளிர் ஏந்தி நின்ற முளைப்பாலிகை இன்றும் தமிழ் மணங்களில் வளர்க்கப்படுகிறது. மணம் முடிந்தபின் ஆற்றிலோ கடலிலோ கரைக்கப்படுகிறது. இங்கே அதற்கு இடமில்லை. பாலிகையையும் ஆலத்தி நீரையும் உதிர்ந்த மாலைகளையும் படிக்கட்டில் இறங்கி நீரில் விடுதல் தகாது, சட்டமும் ஒப்பாது. பாலிகையை வீட்டுக்கு எடுத்துச் சென்று, தொட்டி மண்ணிலோ கோயில் நந்தவனத்திலோ இட்டு நீர் வார்க்கலாம். மண்டபத்தைத் திரும்ப ஒப்படைக்கும் பரபரப்பில் அது மறந்துபோவது உறுதி. ஆதலால் அதற்கென்று வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் முன்பே சொல்லிவைத்தல் வேண்டும்.